ரயிலுக்குள்ளா, ரயில்மேலா?

நீண்ட பதிவு இது. மொழியியல், ஆங்கிலம் கற்பித்தல், ரயில் வரலாறு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிலாவது ஆர்வம் உள்ளவர்கள் நேரம் கிடைக்கும்போது வாசிக்கலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கான ஆங்கிலத் துணைவகுப்பு ஒன்றை எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆய்வு மாணவர்கள் பலருக்கும் வாய்க்கும் வேலைதான். முதல் வாரம், சொந்த ஊரிலிருந்து வளாகம் வந்து சேர்ந்த பயணத்தைப் பத்து வரிகளில் எழுதுமாறு சொன்னேன். வடக்குப் பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு மாணவரின் தாளில் மூன்று இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவர் 'இன் தி ட்ரெயின்' வந்திருந்தார். 'ஆன்' என்று திருத்தினேன். தில்லியில் 'காட் டவுன் ஃப்ரம்' என்று இறங்கியிருந்தார். 'காட் ஆஃப்' என்றேன். நிலையத்திலிருந்து விடுதிக்கு 'பை வாக்' வந்திருந்தார். 'ஆன் ஃபுட்' என்றேன்.

தாளைப் பார்த்ததும் அவர் எழுந்து இந்தியில் சொன்னார்: "சார், நான் ரயிலுக்குள்தான் வந்தேன். கூரைமேல் ஏறி வரவில்லை."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பயிற்சி நூல்களில் காணப்படும் விதியைச் சொன்னேன்: எழுந்து நின்று நடமாடக்கூடிய ஊர்தி என்றால் 'ஆன்', குனிந்து நுழைந்து அமர மட்டுமே முடிந்தால் 'இன்'. ஆகவே பேருந்து, ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு 'ஆன்'. மகிழுந்துக்கும் ஆட்டோவுக்கும் 'இன்'. அவர் தலையசைத்துவிட்டு அமர்ந்தார். அந்தப் பருவம் முடியும்வரை அவர் அந்த வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. ரயில் கூரைமேல் மனிதர்கள் அமர்ந்து செல்வதைக் கண்ணால் கண்டு வளர்ந்த ஒருவருக்கு, 'மேல்' என்பதும் 'உள்' என்பதும் உயிரோடு தொடர்புடைய வேறுபாடு. அவருடைய இந்தியில் 'மே' என்றால் உள்ளே, 'பர்' என்றால் மேலே. அவர் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது கவனக் குறைவால் அன்று, கவனத்தால். சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 156ஆம் பிரிவு, ரயிலின் கூரையிலும் படியிலும் எஞ்சினிலும் பயணம் செய்வதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. அங்கு வரும் முன்னிடைச்சொல் 'ஆன்'. அதே சட்டத்தின் 145ஆம் பிரிவு குடிபோதையில் தொல்லை தருவோரைப் பற்றியது. பெட்டியில் இருப்பவரை அது 'இன்' என்றும், ரயில்வேயின் ஏனைய பகுதியில் இருப்பவரை 'அப்பான்' என்றும் பிரித்துக் குறிக்கிறது. சட்ட வரைவாளர் கூரைக்கும் பெட்டிக்கும் காட்டிய வேறுபாட்டைத்தான் என் மாணவரும் காட்டியிருந்தார். நான் அதற்கு மதிப்பெண் குறைத்தேன்.

குற்றவுணர்வு நல்ல ஆய்வுத் தூண்டுதல். என் ஆய்வேட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இந்தச் சிறு வினாவின் பின்னால் சில மாதங்கள் அலைந்தேன்.

முதலில் அந்த விதி. நின்று நடமாட முடிந்தால் 'ஆன்' என்பது உண்மையானால், நாள்தோறும் நாம் நின்றபடியே ஏறி இறங்கும் லிஃப்டுக்கும் 'ஆன்' வரவேண்டும். வருவதில்லை; அங்கே 'இன்'தான். எழுந்து நின்று சமைக்கக்கூடிய பயண வீட்டு வண்டிக்கும் 'இன்'. சொற்பொருளியல் வகுப்புகளில் நெடுங்காலமாகக் காட்டப்படும் ஓர் எடுத்துக்காட்டு இதைவிடக் கூர்மையானது. ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய பேருந்துக்குள் சிறுவர்கள் விளையாடுகிறார்கள் என்றால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இயல்பாகச் சொல்வது 'இன் தி பஸ்'. பேருந்தின் உயரமும் அகலமும் மாறவில்லை. அது ஓட்டத்தில் இல்லை என்பதுதான் மாறியிருக்கிறது. அப்படியானால் 'ஆன்' என்பது பேருந்தின் வடிவத்தைப் பற்றிய சொல் அன்று. பேருந்துச் சேவையைப் பற்றிய சொல். 'ஆன் தி பஸ்' செல்பவர் ஒரு தடத்தில், ஒரு நேர அட்டவணையில், பிறரோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறார். வடிவ விதி என்பது, விளைவை வைத்துப் பிற்காலத்தில் கட்டிய நினைவுக்குறிப்பு. பெரும்பாலும் பொருந்தும், எதையும் விளக்காது.

விளக்கம் வேண்டுமானால் வரலாற்றுக்குத்தான் போகவேண்டும்.

பழைய ஆங்கிலத்தில், குறிப்பாக அதன் மேற்குச் சாக்சன் வழக்கில், 'இன்', 'ஆன்' என்னும் இரண்டின் வேலையையும் பெருமளவுக்கு 'ஆன்' ஒன்றே செய்துவந்தது. கப்பலில், கட்டிலில், உறக்கத்தில் என எல்லாவற்றுக்கும் 'ஆன்'. அதன் எச்சங்கள் இன்றும் சொற்களின் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'அஷோர்', 'அஃபுட்', 'அஸ்லீப்', 'அலைவ்' ஆகியவற்றின் முதலில் நிற்கும் 'அ' என்பது தேய்ந்த 'ஆன்'தான். 'அபோர்ட்' என்பதும் அவ்வாறே. அதில் உள்ள 'போர்ட்' பலகை. மரக்கலத்தின் பக்கப் பலகை. கப்பலில் ஏறுவது என்பது பலகைமேல் கால் வைப்பது. தளத்தில் நிற்பவர் வானத்தின் கீழ் நிற்கிறார். அவருக்கு 'மேல்' என்பதே பொருத்தம். பிறகு 'இன்' மெல்ல மெல்லத் தன் இடத்தை மீட்டுக்கொண்டது. ஆனால் கப்பல், குதிரை, கால் மூன்றிலும் 'ஆன்' விலகவில்லை.

(ஓர் இடைச்செருகல். ஆங்கிலத்தின் 'இன்', 'ஆன்' இரண்டையும் தமிழ் எழுத்தில் எழுதினால் அவை நம் வேற்றுமை உருபுகளாகவே நிற்கின்றன. 'இன்' தொல்காப்பியத்தில் ஐந்தாம் வேற்றுமை. 'ஆன்' நன்னூல் கூறும் மூன்றாம் வேற்றுமை உருபுகளுள் ஒன்று. இரண்டுக்கும் இடையே எந்த உறவும் கிடையாது. வெறும் ஒலி ஒற்றுமை. வாட்சாப்பில் யாரேனும் இதைக்கொண்டு ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது என்று நிறுவும் முன் சொல்லிவைக்கிறேன்.)

நிலத்தில் 'ஆன்' எப்படிப் பரவியது? இங்கிலாந்தில் ரயிலுக்கு முந்திய நெடும்பயணம் அஞ்சல் வண்டிகளிலும் குதிரைக் கோச்சுகளிலும் நடந்தது. அவற்றில் இரு வகைப் பயணிகள் இருந்தனர். பெட்டிக்குள் அமர்பவர் 'இன்சைட்'. கூரைமேல் அமர்பவர் 'அவுட்சைட்'. வெளியே அமர்பவருக்குக் கட்டணம் ஏறத்தாழப் பாதி; மழையும் பனியும் இலவசம். ஒரே வண்டியில் ஒருவர் 'இன்', மற்றவர் 'ஆன்'. முன்னிடைச்சொல் அங்கே வர்க்கத்தைக் குறித்தது. 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் ஆம்னிபஸ் ஓட்டத் தொடங்கினார். சில பத்தாண்டுகளில் அவ்வகை வண்டிகளின் கூரையிலும் நீள்பலகை இருக்கை வந்துவிட்டது. ஆகவே 'ஆன் தி பஸ்' என்பது ஒரு காலத்தில் பலருக்குச் சொல்லுக்குச் சொல் உண்மை.

'ஆம்னிபஸ்' என்னும் சொல்லே இலத்தீனில் 'எல்லோருக்கும்' என்று பொருள்படும். 'ஆம்னி' எல்லாம், 'பஸ்' என்பது பன்மைக்குரிய கொடை வேற்றுமை விகுதி. நம் நான்காம் வேற்றுமை 'கு' போன்றது. பின்னர் அடிச்சொல் உதிர்ந்து விகுதி மட்டும் ஊர்தியின் பெயராக நின்றுவிட்டது. அதாவது உலகம் முழுவதும் மக்கள் காலையில் காத்திருந்து ஏறுவது ஒரு வேற்றுமை உருபில். ஊர்திக்கு எந்த வேற்றுமை வரும் என்று மாணவரை மிரட்டும் நாம், ஊர்தியே வேற்றுமையாய் நிற்பதை மறந்துவிடுகிறோம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். ரயில் வருவதற்கு முன் இங்கிருந்த கும்பினி ஆங்கிலேயர்கள் பல்லக்கிலும் யானைமீதும் குதிரைமீதும் பயணம் செய்தனர். பல்லக்கு மூடிய பெட்டி, அதற்கு 'இன்'. யானைமீது அமைத்த அம்பாரியில் அமர்ந்தவர் அம்பாரிக்கு 'இன்', யானைக்கு 'ஆன்'. ஒரே நொடியில், ஒரே உடல், இரண்டு முன்னிடைச்சொற்கள். 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் 'டாக்' என்னும் சொல்லுக்குரிய பதிவைப் படித்துப் பாருங்கள். வழியெங்கும் பல்லக்குத் தூக்கிகளையோ குதிரைகளையோ மாற்றுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வதை 'டாக் வைத்தல்' என்று ஆங்கிலேயர் சொல்லியிருக்கின்றனர். அஞ்சலைக் குறித்த இந்தியச் சொல் ஒன்று பயண முறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகியிருக்கிறது. அதற்கு முன் எந்த இடைச்சொல் வரவேண்டும் என்று யாரும் அவர்களுக்கு வட்டமிட்டுத் தந்திருக்க மாட்டார்கள்.

1835இல் மெக்காலேயின் குறிப்பு. 1853 ஏப்ரல் 16இல் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் தொலைவுக்கு, 14 பெட்டிகளுடனும் சுமார் 400 விருந்தினருடனும் முதல் பயணிகள் ரயில். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள். இவ்வளவும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள். ஆங்கிலப் பாடமும் ரயிலும் நமக்கு ஏறக்குறைய ஒரே தலைமுறையில் வந்தவை என்பதை மொழி வரலாற்றில் நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. நம் ஆட்கள் ரயிலைப் பற்றி ஆங்கிலத்தில் பேசக் கற்றபோது, இங்கிலாந்தும் அப்போதுதான் அதைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியப் புனைகதைகளில் 'இன் தி ட்ரெயின்' தாராளமாக வரும். அக்கால ரயில் பெட்டி தனித்தனி அறைகளாக அடைக்கப்பட்டது. நடைவழி இல்லை, ஏறினால் அடுத்த நிலையம்வரை அந்த அறைதான். குதிரைக் கோச்சின் உட்பகுதியைச் சக்கரத்தில் பூட்டியது போன்ற அமைப்பு. அதற்கு 'இன்' என்பதே இயல்பு. கப்பல் சொற்களைத் தாராளமாக ரயிலுக்கு மாற்றியது அமெரிக்கா. 'ஆல் அபோர்ட்' என்று நடத்துநர் கூவியது அங்கே. நடுவே நடைவழி கொண்ட நீண்ட பெட்டிகள் முதலில் பெருவழக்கானதும் அங்கே. ஆக, என் மாணவர் எழுதிய 'இன் தி ட்ரெயின்' தாய்மொழிப் பிழை என்று கொள்ளவேண்டியதில்லை. அது விக்டோரியா காலத்தில் நமக்குக் கைம்மாறிய பிரித்தானிய வழக்கு. கொடுத்தவர் பின்னர் மாற்றிக்கொண்டார். வாங்கியவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இரண்டு வழக்கும் ஒரே எழுத்தாளரிடம் அருகருகே வாழ்ந்ததற்குச் சான்று வேண்டுமா? காந்தியைப் பாருங்கள். 1917 செப்டம்பரில் ராஞ்சியிலிருந்து அவர் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதம், பின்னர் 'தேர்ட் கிளாஸ் இன் இந்தியன் ரயில்வேஸ்' என்னும் சிறு நூலின் தலைப்புக் கட்டுரையாக வந்தது. தலைப்பில் 'இன்'. கட்டுரையின் தொடக்கத்திலேயே, தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பின் தம் காலத்தின் கால் பங்குக்கு மேல் இந்திய ரயில்களில் கழிந்தது என்கிறார். அங்கே அவர் இடுவது 'ஆன்'. பிறகு பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து அஞ்சல் ரயிலில் வந்த கதை வருகிறது; அங்கே 'பை'. அந்த 'பை'யை அடுத்து 'தி' என்னும் சுட்டும் உண்டு. நிறுவனத்துக்கு 'இன்', வாழ்வின் ஒரு பகுதியைக் கழித்த தொடர்பயணத்துக்கு 'ஆன்', குறிப்பிட்ட ஒரு வண்டியைத் தேர்ந்ததற்குச் சுட்டுடன் 'பை'. வண்டியின் உயரம் மூன்றிலும் ஒன்றேதான். பேசுபவர் எதைக் காட்ட விரும்புகிறார் என்பதுதான் வேறு. 22 பேர் அமரவேண்டிய பெட்டியில் மக்கள் அடைக்கப்பட்டதைப் பற்றி எழுதிய அந்தக் கட்டுரையை முன்னிடைச்சொல்லுக்காகப் படிப்பது சற்று அற்பமான செயல் என்று எனக்கும் தோன்றியது. ஆயினும் படித்தேன்.

இதே நுட்பம் ஒரு துப்பறியும் நாவலின் இரட்டைத் தலைப்பிலும் தெரிகிறது. அகதா கிறிஸ்டியின் 1934ஆம் ஆண்டு நாவல் பிரித்தானியாவில் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. அமெரிக்கப் பதிப்பில் அது 'மர்டர் இன் தி கலே கோச்'. அதே கொலை, அதே பிணம், அதே படுக்கை. விரைவுவண்டி என்னும் ஓட்டத்தைச் சொன்னால் 'ஆன்'; பெட்டி என்னும் கூட்டைச் சொன்னால் 'இன்'.

அடுத்தது 'கெட் டவுன்'. இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு உண்மையில் ஆசை.

இந்திய ஆங்கிலத்தில் நாம் பேருந்திலிருந்து 'கெட் டவுன்' ஆகிறோம். தமிழின் 'இறங்கு', இந்தியின் 'உதர்னா' இரண்டும் அதற்குப் பின்னால் நிற்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் உயரமான குதிரை வண்டியிலிருந்து இறங்குவதற்கு ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இதையே சொன்னார்கள். ரயில் அறிவிப்புகளில் இன்றும் வரும் 'அலைட்' என்னும் சொல்லுக்கும் தொடக்கப் பொருள் குதிரையிலிருந்து இறங்குவதே. மேலும் ஒரு பௌதிகக் காரணம் உண்டு. இந்திய ரயில்வேயில் நடைமேடைகள் மூன்று வகை: உயர்மட்டம், தாழ்மட்டம், தண்டவாள மட்டம். உயர்மட்ட மேடையே தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர்தான். பெட்டியின் தரை அதைவிட உயரம். சிற்றூர் நிலையங்களில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பையை முதலில் கீழே போட்டுவிட்டு, பின்புறமாகத் திரும்பி இறங்கும் பாட்டிக்கு 'ஆஃப்' என்பது என்ன சொல்லும்? 'டவுன்' என்பது அங்கே உடல் அறிந்த உண்மை.

'கெட் டவுன் ஃப்ரம்' என்பதில் உள்ள 'ஃப்ரம்', நீங்கலைக் குறிக்கிறது. நீங்கலைப் பற்றி இந்திய இலக்கணிகள் சிந்தித்த அளவுக்கு வேறெவரும் அக்காலத்தில் சிந்தித்திருப்பார்களா என்பது ஐயமே. அதிலும் அவர்கள் எடுத்த எடுத்துக்காட்டுகள் ஊர்தி பற்றியவை! பாணினியின் அஷ்டாத்தியாயியில் (1.4.24), நீங்குதல் நிகழும்போது எது நிலையாக நிற்கிறதோ அது அபாதானம், அதாவது நீங்கலுக்கு எல்லை, என்று ஒரு நூற்பா உண்டு. இதற்குக் காத்யாயனர் ஒரு தடை எழுப்புகிறார்: நீங்கப்படும் பொருளே ஓடிக்கொண்டிருந்தால் அதை நிலையானது என்று எப்படிச் சொல்வது? பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் அதற்கு எடுத்துக்காட்டுகள் தருகிறார். மிரண்டோடும் குதிரையிலிருந்து ஒருவன் விழுகிறான். விரையும் தேரிலிருந்து ஒருவன் விழுகிறான். போய்க்கொண்டிருக்கும் வணிகச் சாத்திலிருந்து ஒருவன் பின்தங்கிவிடுகிறான். குதிரையும் தேரும் சாத்தும் நிலையாக இல்லையே. பிறகு ஐந்தாம் வேற்றுமை எப்படி?

விடை காத்யாயனரிடமே இருக்கிறது: அந்த நிலையாமையைச் சொல்லவேண்டும் என்பது பேசுவோனின் கருத்து அன்று. குதிரையின் குதிரைத்தன்மையும் விரைந்து செல்லும் இயல்பும் நிலையானவையே. சொல்ல விரும்பப்படுவது அதுதான் என்று பதஞ்சலி விரிக்கிறார். வடமொழி மரபு இதை 'விவட்சை' என்கிறது. சொல்ல விழையும் விருப்பம். உலகில் பொருள் எப்படி இருக்கிறது என்பது வேற்றுமையைத் தீர்மானிப்பதில்லை. பேசுவோன் அதை எவ்வாறு காட்ட விழைகிறான் என்பதே தீர்மானிக்கிறது. ஓடும் பேருந்திலிருந்து குதித்து இறங்கும் கல்லூரி மாணவனுக்கு இதைவிடச் சிறந்த உரையாசிரியர் கிடைக்கமாட்டார். கைவிடப்பட்ட பேருந்தில் விளையாடும் சிறுவர்களை வைத்து இருபதாம் நூற்றாண்டின் சொற்பொருளியலர்கள் கண்டுகொண்டதும் ஏறத்தாழ இதுவேதான். நான் முதுகலையில் இவ்விரண்டையும் வெவ்வேறு தாள்களில், வெவ்வேறு ஆசிரியர்களிடம், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோலப் படித்தேன்.

பிற இந்திய மொழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்தியில் ரயிலுக்கு 'மே', மிதிவண்டிக்கும் குதிரைக்கும் 'பர்', பயணக் கருவியாகச் சொன்னால் எல்லாவற்றுக்கும் 'ஸே'. 'ஏறு' என்னும் வினை வரும்போது மட்டும் பேருந்துக்கும் 'பர்' வரலாம். வங்காளியில் ஓர் இடவேற்றுமை விகுதியே போதும். கருவிப் பொருளைத் தெளிவாக்க விரும்பினால் 'கோரே' என்று ஒரு துணையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தமிழின் 'இல்' இன்னும் சிக்கனமானது. 'பேருந்தில் வந்தேன்' என்பது ஆங்கிலத்தின் 'இன்', 'ஆன்', 'பை' மூன்றுக்கும் ஈடு. அதனால் இந்தி பேசுபவர் செய்யும் 'பிழை'யும் தமிழ் பேசுபவர் செய்யும் 'பிழை'யும் ஒன்றாக இருக்க இயலாது. இந்தி பேசுபவரிடம் உள்ளும் மேலும் ஏற்கெனவே பிரிந்திருக்கின்றன. அவர் அந்தப் பிரிவை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்கிறார். நம்மிடம் அது உருபில் பிரிந்திருக்கவில்லை. வேண்டும்போது 'உள்ளே', 'மேலே' என்று தனிச்சொல் இடுகிறோம். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளை வழங்கி, இருவருக்கும் 'தாய்மொழித் தாக்கம்' என்று ஒரே குறிப்பை எழுதுவது எத்தகைய ஆராய்ச்சி?

'பை வாக்' என்பதில் இந்தக் குற்றச்சாட்டு முற்றிலும் உடைகிறது. தமிழில் நாம் 'நடந்து வந்தேன்' என்கிறோம், வினையெச்சம். இந்தியில் 'பைதல்' என்பார்கள். உருபு ஏற்காத வினையடை. இரண்டிலும் கருவி வேற்றுமை இல்லை. பிறகு 'பை' எங்கிருந்து வந்தது? ஆங்கில வகுப்பறையிலிருந்தே. பை பஸ், பை ட்ரெயின், பை கார், பை ஷிப் என்று மாற்றீட்டு அட்டவணையை உரத்துச் சொல்லவைத்துவிட்டு, கடைசிக் கட்டத்தை மட்டும் வெற்றாக விட்டால் குழந்தை எதை இட்டு நிரப்பும்? 'பை'யின் வரலாறும் இதற்கு உதவியாகவே இருக்கிறது. தொடக்கத்தில் அதன் பொருள் 'அருகே'; பிறகு 'வழியாக'. நிலவழி, கடல்வழி என்ற பொருளில் வழங்கியது, பின்னர் ஊர்தி வழியாக, கருவியாக விரிந்தது. வழியைக் குறிக்கும் சொல் நடைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படவேண்டும் என்பதற்கு வழக்கு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. 'பை வாக்' இந்தியத் தாய்மொழிகளின் பிழை அன்று. ஆங்கிலப் பாடநூல் தானே பெற்ற பிள்ளை.

அந்தப் பாடநூல்களின் மரபு நெடியது. இந்தியக் கல்விப் பணியில் இருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தலைமுறைகளை ஆண்டன. 1930களில் ரென்னும் மார்ட்டினும் வந்தனர். எந்தச் சொல்லுக்குப் பின் எந்த முன்னிடைச்சொல் என்னும் நீண்ட பட்டியல்கள் நம் போட்டித் தேர்வு நூல்களில் இன்றுவரை வாழ்கின்றன. பட்டியல் என்பது காரணம் கேட்க இடம் தராத வடிவம். கிராமத்து மாணவர் அதை மனப்பாடம் செய்வார். ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவர் பட்டியலைப் பாராமலே எழுதுவார். இருவரையும் ஒரே கேள்வி அளக்கும்.

இணையத்தில் பரவலாகச் சுற்றும் ஒரு கடிதம் உண்டு. 1909இல் ஒகில் சந்திர சென் என்பவர் சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியதாகச் சொல்லப்படுவது. பலாப்பழம் உண்டு வயிறு உப்பியவர் அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போனபோது வண்டி புறப்பட்டுவிட்ட கதை. ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இதுவே காரணம் என்பது மரபுச் செய்தி. அதன் ஆங்கிலத்தைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆனால் அதன் முதல் வரியில் பயணிகள் ரயிலுக்கு அவர் இட்டிருக்கும் 'பை', எந்த இலக்கண நூலின்படியும் சரியானது. சிரிப்பவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருக்கிறோம்? அவமானப்பட்ட ஒரு மனிதர் ஒரு பேரமைப்புக்கு அதன் மொழியிலேயே எழுதி நியாயம் கேட்கும் கடிதம் அது. நாம் அதைப் பிழைத்தொகுப்பாகப் படித்துவருகிறோம்.

மாற்று முயற்சிகள் இந்நாட்டில் நடக்காமலில்லை. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு வழிநடத்திய பெங்களூர்த் திட்டத்தில் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கண வரிசையே இல்லாமல் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். மாணவர் கையில் தரப்பட்ட பொருள்களுள் ரயில் கால அட்டவணையும் ஒன்று. எந்த வண்டியைப் பிடித்தால் குறித்த நேரத்துக்குப் போய்ச்சேரலாம் என்று அவர்கள் கணக்கிட வேண்டும். கவனம் பொருளில் இருக்கும்போது வடிவம் தானே படியும் என்பது பிரபுவின் கருதுகோள். 1987இல் வந்த அவருடைய 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம் கல்வியியல் வகுப்புகளிலும் அதன் பெயர் தேர்வுக்கு வருகிறது. நான் எடுத்த துணைவகுப்புக்கு வழங்கப்பட்ட பயிற்சித்தாளில் ஐம்பது கோடிட்ட இடங்கள் இருந்தன.

இந்தப் பருவத்தில் மீண்டும் அதே பயணக் கட்டுரையை எழுதச் சொன்னேன். 'இன் தி ட்ரெயின்' என்று எழுதியவர்களை விட்டுவிட்டேன். 'கெட் டவுன்' எழுதியவர்களிடம், இந்தியாவுக்கு வெளியே இதற்குப் பதிலாக என்ன கேட்பீர்கள் என்பதை மட்டும் சொன்னேன். 'பை வாக்' என்பதைத் திருத்தினேன். தேர்வுத் தாளைத் திருத்தப்போகிறவர் பதஞ்சலியைப் படித்திருக்கப் போவதில்லை என்பதால். இது முரண்பாடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆம், முரண்பாடுதான். மதிப்பெண் என் கையில் மட்டும் இருந்திருந்தால் வேறுவிதமாகச் செய்திருப்பேன்.

அந்தப் பீகார் மாணவர் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். நூலகத்துக்கு வெளியே பார்த்தபோது 156ஆம் பிரிவைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்போது என் மதிப்பெண், சார்?" என்றார்.

ஓர் உதவி வேண்டும். உங்கள் வீடுகளில் முந்திய தலைமுறையினர் ஆங்கிலத்தில் எழுதிய பழைய கடிதங்கள், நாட்குறிப்புகள், அலுவலகப் பயணப்படி விண்ணப்பங்கள் இருந்தால், ரயிலோ பேருந்தோ டிராமோ வரும் வரிகளைப் படமெடுத்து அனுப்புங்கள். எழுதப்பட்ட ஆண்டும் எழுதியவரின் தாய்மொழியும் தெரிந்தால் போதும். பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். 1947க்கு முந்தியவை கிடைத்தால் மிக்க மகிழ்ச்சி. திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.